கிராண்ட்ஸ்ட்ரீம் எச்.டி.802: லேண்ட்லைன் போன பிறகு பழைய போனுக்கு இந்தப் பெட்டி போதுமா?

செம்புக் கம்பி லைனை நிறுத்தப்போகிறோம் என்று தொலைபேசி நிறுவனம் சொன்னதும் பெரும்பாலான அலுவலகங்கள் தேடிப்போவது, பழைய போனை இணையம் வழியாகப் பேசவைக்கும் இந்த வகைப் பெட்டியைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும். அனலாக் போன் மாட்ட இரண்டு போர்ட், நெட்வொர்க் கேபிளுக்கு ஒன்று, 5 வோல்ட் மின்சாரத்துக்கு ஒன்று, அவ்வளவே. ஒவ்வொரு போன் போர்ட்டுக்கும் தனி எஸ்.ஐ.பி. கணக்கு (இணைய வழிப் போன் சேவை நிறுவனம் தரும் கணக்கு) போடலாம், ஆக ஒரே பெட்டியில் இரண்டு எண்கள். மனிதர் பேசும் போனுக்கு இது நன்றாக உழைக்கும், தயங்காமல் வாங்கலாம். ஆனால் அலுவலக லைன்களில் மனிதர் பேசாத லைன்களும் இருக்கும். சிக்கல் வருவது அங்கேதான்.

அதனால் பெட்டி வாங்குமுன் கணக்கெடுப்பு. கடைசி பில்லில் உள்ள எண்களை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் செல்போனில் அழைத்து, எங்கே மணி அடிக்கிறது என்று பாருங்கள். விசில் போலச் சத்தம் வந்தால் மறுமுனையில் ஃபேக்ஸோ மோடமோ இருக்கிறது. எங்கேயும் அடிக்காமல், மாதக் கணக்கில் ஒரு அழைப்புகூடப் போகாமல், வாடகை மட்டும் கட்டிவரும் எண்ணை வீண் என்று ரத்து செய்துவிடாதீர்கள். அது லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போனாகவோ, தீ அலாரப் பலகையாகவோ இருக்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்த பிறகுதான் முடிவு.

பெட்டியைப் பொருத்துவது எளிது. ரவுட்டரில் கேபிளைச் செருகி, முதல் போர்ட்டில் பட்டன் போனை மாட்டி, ரிசீவரை எடுத்து நட்சத்திரக் குறியை மூன்று முறை அழுத்தினால் குரல் மெனு பேசும். அதில் 02 அழுத்தினால் பெட்டியின் ஐ.பி. முகவரியைச் சொல்லும். அந்த முகவரியைக் கணினியின் பிரவுசரில் அடித்து உள்ளே போய், முதலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, சேவை நிறுவனம் கொடுத்த சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல்லைப் போட வேண்டும். சுவரில் உள்ள பழைய சாக்கெட்டுகள் வழியாகவே கட்டிடம் முழுக்கப் போன் ஓட வேண்டுமானால், வெளியிலிருந்து வரும் கம்பியை முதலில் கழற்றிவிடுங்கள். எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் மணி அடிக்கும்போது அதன் மேல் ஏறும் ஏசி மின்சாரமும் இந்தப் போர்ட்டில் பாய்ந்தால் பெட்டி பாழாகிவிடும். வெளி லைனையும் அதே பெட்டியில் வாங்க வேண்டியவர்களுக்கு எச்.டி.813 இருக்கிறது. 802-இல் அந்த வசதி கிடையாது.

அதிகமாக வரும் புகார், 'நாங்கள் கூப்பிட்டால் போகிறது, எங்களுக்கு மட்டும் யாராலும் கூப்பிட முடியவில்லை' என்பது. பெட்டியின் மேல் பழி போகும், ஆனால் காரணம் ரவுட்டர். பெட்டி வெளியே ஒரு தகவல் அனுப்பும்போது ரவுட்டர் அதற்கு ஒரு வழியைத் திறந்து வைக்கிறது. கொஞ்ச நேரம் எதுவும் போகவில்லை என்றால் மூடிவிடும், சில ரவுட்டர்களில் 30 நொடியிலேயே. பெட்டியோ 60 நிமிடத்துக்கு ஒருமுறைதான் சர்வரில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும்படி அமைந்திருக்கும். இடையில் வரும் அழைப்பு மூடிய கதவில் முட்டித் திரும்புகிறது. நாம் ஒரு அழைப்பு செய்து வைத்ததும் சிறிது நேரம் உள்வரும் அழைப்பும் சரியாக வந்து, பிறகு மறுபடி நின்றுபோனால், நோய் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். வழி மூடாமல் இருக்கப் பெட்டி அடிக்கடி சிறு தகவல் அனுப்பும் கீப்-அலைவ் வசதியை இயக்கி இடைவெளியை 20 நொடி வைத்தால் தீரும். பதிவுக் காலத்தையும் 5 நிமிடம்வரை குறைக்கலாம், சேவை நிறுவனம் அனுமதித்தால்.

இதன் உடன்பிறப்பு, ஒருபக்கம் மட்டும் குரல் கேட்பது. ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்கிறேன் என்று தகவலுக்குள் இருக்கும் முகவரியைத் திருத்தப் போய், பல ரவுட்டர்களில் தப்பாகத் திருத்திவிடும். அதை அணைத்துவிடுங்கள். வங்கி மெனுவில் எண்ணை அழுத்தினால் ஏற்கவில்லை என்றால், பட்டன் ஒலியை அனுப்பும் டி.டி.எம்.எஃப். முறையை ஆர்.எஃப்.சி. 2833 என்று மாற்றுங்கள்.

ஃபேக்ஸுக்கு இந்தப் பெட்டியை நிபந்தனையோடுதான் சிபாரிசு செய்ய முடியும். குரலைத் தரவாக மாற்றும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஜி.711 கோடெக்கில் ஒரு பாக்கெட், அதாவது ஒரு தரவுத் துண்டு, பொதுவாக 20 மில்லிநொடிக் குரலைச் சுமக்கிறது. பேச்சில் ஒன்று தொலைந்தால் காது கவனிக்கவே கவனிக்காது. நொடிக்கு 14,400 பிட் வேகத்தில் ஓடும் ஃபேக்ஸில் அதே ஒரு பாக்கெட் 288 பிட். பக்கத்தில் கோடு விழும், அல்லது அழைப்பே அறுந்துபோகும். டி.38 முறை ஃபேக்ஸ் ஒலியைப் பெட்டியிலேயே தரவாக மாற்றி, போன பாக்கெட்டின் நகலையும் சேர்த்து அனுப்புவதால் இந்த இழப்பைத் தாங்கும். பெட்டியில் டி.38 இருக்கிறது. சேவை நிறுவனத்திடமும் இருந்தால்தான் பலன், கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஃபேக்ஸ் இயந்திரத்தில் சூப்பர் ஜி3 என்ற அதிவேக முறையை அணைத்து வேகத்தை 9,600 ஆக்குங்கள். அந்தப் போர்ட்டில் கால் வெயிட்டிங்கையும் நிறுத்த வேண்டும், நடுவில் விழும் ஒரு பீப் பக்கத்தைக் கெடுத்துவிடும். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 கோடெக்கில் ஃபேக்ஸ் போகவே போகாது.

அலாரப் பலகையை இதில் மாட்டவே வேண்டாம். காண்டாக்ட் ஐடி என்ற முறையில் கண்காணிப்பு மையத்தோடு பேசும் பலகைகள் ஒவ்வொரு எண்ணையும் ஏறத்தாழ 50 மில்லிநொடி ஒலியாக, அதே அளவு இடைவெளி விட்டு அனுப்புகின்றன. வழியில் அந்த ஒலி பாக்கெட்டாக மாறி மறுமுனையில் திரும்ப உருவாகும்போது நீளம் கூடும், குறையும், கண்காணிப்பு மையத்தின் கருவி அதை ஏற்காது. கொடுமை என்னவென்றால், பொருத்திய அன்று சோதித்தால் பல நேரம் சரியாகவே போகும், நெரிசலான ஒரு நாளில்தான் கைவிடும். உயிர் காக்கும் கருவியில் அந்தச் சூதாட்டம் கூடாது. பேட்டரியோடு வரும் செல்போன் வழி அல்லது ஐ.பி. வழி அனுப்பியை அலார நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்கள். லிஃப்ட்டுக்கும் அதே விதி. அவசர போனுக்குக் குறைந்தது 1 மணி நேர மாற்று மின்சாரம் வேண்டும் என்கிறது இ.என். 81-28 என்ற ஐரோப்பியத் தரநிலை. இந்தப் பெட்டிக்குள் பேட்டரி கிடையாது.

பழைய பி.பி.எக்ஸ். (அலுவலகத்துக்குள் போன்களை இணைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் வெளி லைன் போர்ட்டுகளை இந்தப் பெட்டியில் இணைத்து ஓட்டலாம். வெளியே இருப்பவர் வைத்துவிட்ட பிறகும் லைன் பிஸியாகவே நிற்கிறது என்றால், பெட்டி மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டித்து பி.பி.எக்ஸுக்குச் செய்தி சொல்லவில்லை என்று பொருள். கரண்ட் டிஸ்கனெக்ட் என்ற அமைப்பை இயக்கினால் சரியாகும். எதிரொலி வந்தால், போன் போர்ட்டின் மின் தன்மையைத் தீர்மானிக்கும் எஸ்.எல்.ஐ.சி. அமைப்பை உங்கள் நாட்டுக்கு உரியதாக மாற்றுங்கள். அழைப்பவர் எண் தெரியாவிட்டால் காலர் ஐடி முறையை மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும் சின்ன வேலைகள்.

செம்பு லைன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் கொண்டுவந்தது, அதனால்தான் கரண்ட் போனாலும் பழைய போன் பேசியது. இனி பெட்டி, ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் நாமே கொடுக்க வேண்டும். பெட்டிக்கு அதிகபட்சம் 5 வாட், ரவுட்டருக்கு 10, ஃபைபர் பெட்டிக்கு 7 என்று வைத்தால் 22 வாட். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள யு.பி.எஸ். காகிதத்தில் 84 வாட்-மணி. மாற்றத்தில் வீணாவதையும் பேட்டரியின் வயதையும் கழித்து 50 என்று எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கார்ட்லெஸ் போனின் அடித்தளத்தையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

இணைய வேகம் போதுமா என்ற கவலை வேண்டாம். ஜி.711-இல் ஒரு அழைப்புக்கு இரு திசையிலும் நொடிக்குத் தலா 87 கிலோபிட், பத்துப் பேர் சேர்ந்து பேசினாலும் 1 மெகாபிட்டுக்குள். பெரிய கோப்பு ஏறும்போது அப்லோட் அடைத்துக்கொள்வதுதான் குரல் வெட்டுவதற்குக் காரணம், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் போதும்.

எண் மாற்றத்தில், அதாவது அதே எண்ணைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோவதில், ஒரே ஒரு கட்டளை: பழைய லைனை நீங்களாக ரத்து செய்யாதீர்கள். ரத்தான எண்ணை மாற்ற முடியாமல் போகலாம். புதிய நிறுவனம் கோரிக்கை அனுப்பி, எண் வந்து சேர்ந்த பிறகுதான் பழையது மூட வேண்டும். படிவத்தில் பெயரும் முகவரியும் பழைய பில்லில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும், வித்தியாசம் இருந்தால் திருப்பிவிடுவார்கள். உங்கள் பிராட்பேண்ட் அதே செம்புக் கம்பியில் டி.எஸ்.எல். ஆக வருகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் எண் போகும் நாளில் இணையமும் சேர்ந்து போகலாம், புதிய இணைய லைன் ஓடத் தொடங்கிய பிறகே எண்ணை நகர்த்துங்கள். எண் வந்த அன்றே அலுவலக முகவரியைச் சேவை நிறுவனத்தில் அவசர அழைப்புக்காகப் பதிவு செய்து, வெளிநாட்டு அழைப்புகள் தேவையில்லை என்றால் பூட்டச் சொல்லுங்கள்.