விக்கிப்பீடியா நூலகம்: போர்ட் சிகாகோ மாலுமிகளுக்காக நான் பயன்படுத்திய மூன்று மாதம்

விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களுக்குச் சந்தாத் தளங்களை இலவசமாகத் திறந்துவிடுவது விக்கிப்பீடியா நூலகம். முதலில் இது யாருக்குக் கிடைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். 500 தொகுப்புகளாவது, அதாவது கட்டுரைத் திருத்தங்களாவது, செய்திருக்க வேண்டும். கடைசி 30 நாளில் 10 தொகுப்பு இருக்க வேண்டும், கணக்கின் மேல் தடை எதுவும் இருக்கக்கூடாது. எந்த மொழி விக்கியில் செய்த தொகுப்பும் கணக்கில் சேரும், அதனால் தமிழில் மட்டும் எழுதுகிறவர்களும் தயங்க வேண்டாம். அந்த நாலும் சரியாக இருந்தால் வழக்கமான புகுபதிகையோடு உள்ளே போய்விடலாம். ஒரு பைசா கிடையாது. ஆய்விதழ்களுக்கான ஜேஸ்டோர், பழைய நாளிதழ்களுக்கான நியூஸ்பேப்பர்ஸ்.காம் மாதிரி சந்தா கட்டிப் படிக்க வேண்டிய இடங்கள் எல்லாம் திறந்துவிடும். சில தளங்களுக்கு மட்டும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

நான் தூத்துக்குடியில் கணக்கு எழுதுகிற வேலையில் இருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் விக்கிக்கு நேரம். அப்பா துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். அதனால்தானோ என்னவோ, கடற்படைக் கலகங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது போர்ட் சிகாகோவைத் தாண்டிப் போக முடியவில்லை. அதைப் பற்றித் தமிழ் விக்கியில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

பெயரைப் பார்த்து சிகாகோ நகரம் என்று நினைத்துவிடாதீர்கள். இது கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவில் இருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி இருந்த வெடிமருந்துத் துறை. 1944 ஜூலை 17 இரவு 10:18 மணிக்கு, குண்டு ஏற்றிக்கொண்டிருந்த இ.ஏ. பிரையன் என்ற கப்பல் வெடித்தது. பக்கத்தில் குயினால்ட் விக்டரி என்ற இன்னொரு கப்பல். 320 பேர் செத்தார்கள், அதில் 202 பேர் கறுப்பினத்தவர். குண்டு சுமந்தவர்கள் எல்லாரும் கறுப்பின மாலுமிகள், மேற்பார்த்த அதிகாரிகள் எல்லாரும் வெள்ளையர்கள். வெடிமருந்தைக் கையாள அந்த மாலுமிகளுக்கு முறையான பயிற்சி எதுவும் தரவில்லை. எந்தக் கேங்க் (சுமை ஏற்றும் குழு) அதிகம் ஏற்றும் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். வெடிப்புக்குப் பிறகு வெள்ளை அதிகாரிகளுக்கு 30 நாள் விடுப்பு கிடைத்தது. உயிர் தப்பிய மாலுமிகளுக்கு அது இல்லை. மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, அதே கலிபோர்னியாவில் இருந்த மேர் தீவுக் கடற்படைத் தளத்தில் மறுபடி குண்டு ஏற்றச் சொன்னார்கள். 258 பேர் மறுத்தார்கள். அதில் 50 பேர் மேல் கலகக் குற்றம் சாட்டி, போர்க்காலம் என்பதால் மரண தண்டனைகூடக் கிடைக்கும் என்று மிரட்டி, ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்.

இவ்வளவும் எந்த ஆங்கிலக் கட்டுரையிலும் கிடைக்கும். அப்படியானால் நூலகம் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கு வேண்டியது வேறு. அந்த 50 பேர் மேல் ‘கலகக்காரர்’ என்ற சொல் எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு 1944 செப்டம்பர், அக்டோபர் நாளிதழ்களையே திறந்து உட்கார வேண்டும்.

நியூஸ்பேப்பர்ஸ்.காமில் பெரும்பாலும் அமெரிக்க இதழ்கள்தான், இந்தக் கட்டுரைக்கு அது சரியாகப் பொருந்தியது. தேதியை வைத்துத் தேடுங்கள், சொல்லை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். பழைய நுண்படச் சுருளில் இருந்து எடுத்த பக்கங்களில் அச்சு மங்கியிருக்கும். விசாரணை செப்டம்பர் 14 அன்று தொடங்கி அக்டோபர் 24 அன்று முடிந்தது. அந்த நாற்பது நாள் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பெருநகர நாளிதழ்களோடு பிட்ஸ்பர்க் கூரியரையும் கட்டாயம் திறந்து பாருங்கள். அது கறுப்பினத்தவர் நடத்திய வார இதழ். வெளியே பாசிசத்தை வெல்வோம், உள்ளே இனவெறியை வெல்வோம் என்று 1942இல் ‘இரட்டை வெற்றி’ இயக்கம் தொடங்கியது இதுதான். ஒரே வழக்கை இந்த இரண்டு வகை இதழிலும் அடுத்தடுத்துப் படித்தால், எழுதுகிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது வெட்டுத்துண்டு வசதி. பக்கத்தில் வேண்டிய பகுதியைச் சுட்டியால் கட்டம் போட்டு வெட்டிச் சேமித்தால், அந்தத் துண்டுக்கு ஓர் இணைப்பு வரும். சந்தா இல்லாத வாசகரும் அதைச் சொடுக்கி அந்தச் செய்தியை முழுசாகப் பார்க்கலாம். தமிழ் விக்கியில் நாம் தருகிற மேற்கோளைத் திறந்து பார்க்க வசதியில்லாத ஒரு கல்லூரி மாணவிக்கு இது எவ்வளவு பெரிய உதவி! நான் வெட்டியது பதினாறு துண்டு.

எல்லாமே நூலகத்துக்குள் இருந்துவிடாது. வெடிப்பைப் பற்றிய விசாரணைக் குழுவின் முடிவுகள் அமெரிக்கக் கடற்படை வரலாற்றுத் துறையின் தளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வெடித்ததற்குத் துல்லியமான காரணம் இன்னதென்று அந்தக் குழுவால் சொல்ல முடியவில்லை. கடற்படை எடுத்த படங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்பதால், சிதைந்த துறையின் படத்தைத் தயங்காமல் கட்டுரையில் போடலாம்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நேரம் மிச்சமாகும் என்று ஓர் இயந்திர மொழிபெயர்ப்புக் கருவியில் சில பத்திகளைப் போட்டுப் பார்த்தேன். எந்தக் கருவி என்று சொல்லப் போவதில்லை. சரக்கு இறக்கக் கப்பல் தளத்தில் இருக்கும் திறப்பான ‘ஹேட்ச்’ அதில் ‘குஞ்சு பொரித்தல்’ என்று வந்தது. ஹேட்ச் ஒன்றுக்கு மணிக்கு இத்தனை டன் ஏற்ற வேண்டும் என்று இலக்கு வைத்து மாலுமிகளை விரட்டியதைச் சொல்கிற வரி அது. அந்த ஹேட்சுக்குள் நின்றவர்கள் அன்றிரவு இல்லாமல் போனார்கள். அந்தப் பத்திகளை அழித்துவிட்டு அப்பாவிடம் கேட்டேன். “நாங்க எல்லாரும் ஹேட்சுன்னுதாம்மா சொல்வோம். கப்பலோட வயித்துக்கு வாய் மாதிரி. விஞ்சுல தூக்கி அதுக்குள்ளதான் இறக்கணும்” என்றார். ஹேட்ச், விஞ்ச் (சுமை தூக்கும் பொறி), கேங்க் என்று அவர் சொன்ன சொற்களையே கட்டுரையில் வைத்தேன். துறைமுகத்தில் வேலை பார்த்த எந்தத் தமிழருக்கும் அது புரியும்.

இனி அந்தப் பெரிய சொல். வேலூரில் 1806இல் நடந்ததை ஆங்கிலேயன் கலகம் என்றான், நாம் புரட்சி என்கிறோம். போர்ட் சிகாகோ மாலுமிகள் புரட்சி செய்யவில்லை, கப்பலைப் பிடிக்கவில்லை, அதிகாரிமேல் கை வைக்கவில்லை. மறுத்தவர்களைத் தடுத்து வைத்திருந்த படகில் ஜோ ஸ்மால் என்ற மாலுமி மற்றவர்களைக் கூட்டி, ஒழுங்காக இருங்கள், காவலர்களோடு மோதாதீர்கள் என்று சொன்னார். அந்தக் கூட்டத்தையே அரசுத் தரப்பு சதிக்குச் சாட்சியாகக் காட்டியது. அதிகாரத்தைப் பறிக்க நினைத்தால்தான் கலகம், ஓர் உத்தரவுக்கு மறுப்புச் சொன்னது கலகமாகாது என்று மாலுமிகளின் தரப்பு வாதிட்டது. விசாரணையை நேரில் போய்ப் பார்த்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல், இங்கே குற்றக் கூண்டில் நிற்க வேண்டியது கடற்படையின் இனக் கொள்கைதான் என்று வெளியே வந்து சொன்னார். பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர் இவர். நீதிமன்றம் கூடிப் பேசி முடிவெடுக்க எடுத்துக்கொண்டது 80 நிமிடம். ஐம்பது பேர். ஆளுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். எல்லாருக்கும் 15 ஆண்டுச் சிறை. பிறகு பலருக்குக் குறைத்தார்கள், 1946 ஜனவரியில் பெரும்பாலோர் வெளியே வந்தார்கள்.

விக்கியில் சொந்த ஆய்வு கூடாது, நடுநிலை வேண்டும். அந்த விதிகளை நான் மதிக்கிறேன். ஆனால் நீதிமன்றம் சொன்ன சொல்லை நம் குரலிலேயே திருப்பிச் சொல்வது நடுநிலை ஆகாது. அதனால் முதல் வரியில் ‘குண்டு ஏற்ற மறுத்து, கலகக் குற்றம் சாட்டப்பட்டுத் தண்டிக்கப்பட்ட 50 மாலுமிகள்’ என்று எழுதினேன். பேச்சுப் பக்கத்தில் ஒருவர், தலைப்பில் கலகம் என்று இருந்தால்தான் தேடுகிறவர்களுக்குக் கிடைக்கும் என்றார். அதுவும் நியாயம்தான் என்று, கலகம் என்று தேடினாலும் இந்தக் கட்டுரைக்கே கொண்டுவரும் வழிமாற்று ஒன்று போட்டுவிட்டேன்.

இன்னொரு சொல்லிலும் கவனம் வேண்டும். 1999 டிசம்பரில் ஃபிரெடி மீக்ஸ் என்பவருக்கு அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். ஆனால் மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று ஜோ ஸ்மால் அதற்கு முன்பே சொல்லியிருந்தார், அவர் மன்னிப்பை விரும்பவில்லை. 2024 ஜூலை 17 அன்று, வெடிப்பு நடந்து சரியாக 80 ஆண்டு ஆன நாளில், கடற்படைச் செயலர் தண்டனைகளை ரத்து செய்து அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். இதைத் தமிழில் ‘மன்னிப்பு’ என்று எழுதினால் ஜோ ஸ்மால் மறுத்ததையே அவர் தலையில் கட்டியதாகும். ‘குற்றமற்றவர் என விடுவிப்பு’ என்று நீளமாகவே எழுதுங்கள்.

500 தொகுப்பைத் தாண்டியவர்கள் இன்றைக்கே நூலகத்துக்குள் போய்ப் பாருங்கள். தாண்டாதவர்கள் எழுத்துப்பிழை திருத்துவதில் தொடங்கினாலும் ஓராண்டில் வந்துவிடும். ஜோ ஸ்மால் பற்றிய தனிக் கட்டுரை இப்போது என் மணல்தொட்டியில், அதாவது வரைவு எழுதிப் பார்க்கும் பக்கத்தில், இருக்கிறது. அவர் போர்ட் சிகாகோவில் விஞ்ச் ஓட்டியவர் என்பதுதான் அதன் முதல் வரி.