கதைப்பது கேட்காது, குண்டுச் சத்தம் வீட்டையே எழுப்பும்: கேம் ஒலிக்கு மூன்று வழிகள்

கேமில் ஆட்கள் கதைப்பது காதில் விழாது. கூட்டி வைத்தால், அடுத்து வெடிக்கிற குண்டுக்கு உள்ளறையில் படுத்திருக்கும் அம்மம்மாவும் எழும்பிவிடுவா. யாழ்ப்பாணத்தில் வீடு அடங்கிய பிறகு கேம் விளையாடுகிற பெடியள் எல்லாருக்கும் தெரிந்த தலையிடி இது. யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வரும்: விண்டோஸில் இருக்கிற லவுட்னஸ் ஈக்குவலைசேஷனைப் போடு, ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருளை இறக்கு, இல்லாவிட்டால் ரவுனுக்குப் போய் ஒரு யூ.எஸ்.பி சவுண்ட் கார்ட் வாங்கு. மூன்றையும் ஒரே வருத்தத்துக்கு மருந்து மாதிரிச் சொல்கிறார்கள். ஆனால் சத்தம் காணாது என்பது ஒன்று, சத்தம் சமனில்லை என்பது வேறொன்று.

லவுட்னஸ் ஈக்குவலைசேஷன் இரண்டாவதற்கானது. காசில்லை, எதையும் இறக்கவும் தேவையில்லை. விண்டோஸ் 11 என்றால் சவுண்ட் செற்றிங்ஸில் 'மோர் சவுண்ட் செற்றிங்ஸ்' திறந்து, ப்ளேபேக் பகுதியில் நீங்கள் பாவிக்கும் ஸ்பீக்கரை அல்லது ஹெட்செற்றைத் தெரிந்து, ப்ரொப்பர்ட்டீஸுக்குள் போனால் என்ஹான்ஸ்மென்ட்ஸ் பக்கத்தில் இருக்கும். மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரியதை அமுக்கும். கதையும் குண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். கதை சொல்கிற கேம்களை இரவில் விளையாடுகிறவர்களுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

சுடுகிற கேம்களில் நிலைமை வேறு. காலடிச் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று பலர் இதையே போடுகிறார்கள், கேட்பது உண்மைதான். ஆனால் பக்கத்து அறையில் நடக்கிறவனும் மூன்று வீடு தள்ளி நடக்கிறவனும் ஏறக்குறைய ஒரே அளவாகக் கேட்பார்கள். இடமா வலமா என்பது தெரியும், எவ்வளவு தூரம் என்பதுதான் குழம்பும். உள்ளே 'ரிலீஸ் ரைம்' என்று ஒரு ஸ்லைடர் உண்டு. அதைக் குறைத்தால் வெடிச் சத்தத்துக்குப் பிறகு மெல்லிய சத்தம் விரைவாகத் திரும்பி வரும். மிகவும் குறைத்தால் பின்னணி இசை மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும். சில கணினிகளில் இந்த வசதியே கண்ணில் படாது. டிவைஸ் மனேஜரில் மைக்ரோசொஃப்ட்டின் பொதுவான ஹை டெஃபினிஷன் ஓடியோ டிரைவருக்கு மாற்றினால் பல நேரங்களில் வெளியே வரும்.

ஈக்குவலைசர் ஏபிஓவும் இலவசம்தான். பீஸ் என்ற முகப்பையும் சேர்த்துப் போட்டால் ஸ்லைடர்களை இழுத்து வேலை பார்க்கலாம். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். பிழை மென்பொருளில் இல்லை, எதிர்பார்ப்பில். இது எந்த அலைவரிசை கூட, எது குறைய என்று மாற்றும். குண்டு வெடிக்கும்போது தானாக அமுக்காது. அதற்குப் பெரிய சத்தத்தை அமுக்கும் 'கம்ப்ரஸர்' என்ற துணை மென்பொருளை வேறாகச் செருக வேண்டும். மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் 'ப்ரீஆம்ப்' அளவைச் சும்மா 10 டெசிபெல் ஏற்றிவிட்டால் கதைப்பது கேட்கும்தான். ஆனால் கணினிக்குள் ஒலிக்கு ஒரு உச்சி உண்டு, அதற்கு மேல் போன குண்டுச் சத்தம் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். சரியான பாவனை தலைகீழானது: ப்ரீஆம்ப்பை ஒரு 6 டெசிபெல் இறக்கி, குரல் தெளிவுக்கு முக்கியமான 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் மூன்று நான்கு டெசிபெல் தூக்கி, அடித்தளத்தில் உறுமும் பகுதியைக் கொஞ்சம் குறைப்பது. பொறுமையும் காதும் உள்ளவர்களுக்கு லவுட்னஸைவிட அழகான பலன் கிடைக்கும். ஹெட்செற்றை மாற்றினால் புதியதையும் அதன் பட்டியலில் தெரிய வேண்டும், அதை மறந்துவிட்டு மென்பொருளைத் திட்டக் கூடாது.

சரி, சவுண்ட் கார்ட். பெரும்பாலான கேமிங் ஹெட்செற்களின் மின்தடை 32 ஓம் அளவில்தான் இருக்கும், சாதாரண லப்டொப்பே அவற்றுக்குப் போதும். 250 ஓம் ஸ்டூடியோ ஹெட்ஃபோன் வைத்திருக்கிறவருக்குச் சத்தம் காணாமல் போவது நியாயம், ஆனால் அவருக்கும் விரல் நீளச் சின்னக் கார்ட் பெரும்பாலும் உதவாது, நல்ல அம்ப்ளிஃபையர் வேண்டும். சமனில்லாத சத்தத்தைச் சாதாரணக் கார்ட் தானாகச் சமன் செய்யாது. மதர்போர்டிலிருந்து இரைச்சல் வந்தால், அல்லது ஜக் ஓட்டை தேய்ந்துவிட்டால் வாங்கலாம். ஒரே உறுமலாக இருந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நின்றால் அது மின் இணைப்பு, பெரும்பாலும் எர்த் கோளாறு. கார்ட் மாற்றியும் அப்படியே இருக்கக்கூடும்.

இந்த மூன்றிலும் கை வைக்க முன் ஜக்கைப் பார்க்க வேண்டும். உறை போட்ட லப்டொப்பில் ஜக் அரைவாசிதான் உள்ளே போகும். இரண்டு காதுக்கும் பொதுவான கம்பி தொடாமல் போனால் இடது வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். கேமில் கதைக்கிறவரின் குரல் இரு பக்கமும் ஒரே மாதிரி வருவது. அது அப்படியே மறைந்துவிடும், இசையும் எதிரொலியும் கேட்டுக்கொண்டிருக்கும். 'கதை மட்டும் கேட்கவில்லை' என்பவர்கள் ஜக்கை அழுத்திப் பார்க்காமல் மென்பொருள் தேடக் கூடாது. கேம் 5.1 என்ற ஆறு ஸ்பீக்கர் தொகுதிக்கு ஒலி அனுப்பிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான்: குரல் நடு ஸ்பீக்கருக்குப் போகும், உங்களிடம் அது இல்லை. ஸ்டீரியோவுக்கு மாற்றினால் முடிந்தது.

கூட்டாளியோடு கதைத்து விளையாடும்போது மட்டும் சத்தம் விழுகிறதா? விண்டோஸின் கம்யூனிகேஷன்ஸ் பகுதியில், அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80% குறைப்பது என்பதுதான் ஆரம்பத்திலேயே தெரிவாகியிருக்கும். 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றுங்கள். புளூரூத் ஹெட்செற் என்றால் இன்னொரு சோலி: மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பழைய முறையில் ஸ்டீரியோ போய், தொலைபேசித் தரத்து ஒற்றைச் சத்தம் வரும். கேமுக்கு வயர்தான்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மின்கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கிக்கு எதிராக இவற்றில் எதுவும் நிற்காது, காதை முழுவதும் மூடும் ஹெட்செற்தான் கதி. மற்ற நாட்களில் கேமுக்குள்ளேயே மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் 'நைட் மோட்' அல்லது 'டைனமிக் ரேஞ்ச்' தெரிவு இருந்தால் அதையே முதலில் போடுங்கள். எது குரல், எது குண்டு என்று கேமுக்குத் தெரியும், விண்டோஸுக்குத் தெரியாது. அதைப் போட்டால் லவுட்னஸை நிறுத்திவிடுங்கள்; இரண்டும் சேர்ந்தால் ஒலி தட்டையாகி, மழையும் இடியும் ஒரே சத்தமாகிவிடும்.