ஓவியச் சீரமைப்பா, அகழாய்வுப் பொருள் பாதுகாப்பா?

இரண்டும் பழசைக் காப்பாற்றும் வேலைதான், ஆனால் நாள் போகும் விதம் வேறு. ஓவியப் பிரிவில், மஞ்சளாகிப்போன வார்னிஷைப் பஞ்சுக் குச்சியால் விரல்நுனி அளவு இடமாகத் துடைத்தெடுக்க வேண்டும். மாலைக்குள் உள்ளங்கை அளவு வானம் நீலமாகத் தெரிந்தால் அதுவே பெரிய சந்தோஷம். வண்ணம் உதிர்ந்த இடத்தை மட்டும், பின்னால் நீக்கக்கூடிய சாயத்தால் நிரப்பலாம். சொந்தக் கைவண்ணம் காட்ட ஆசைப்படுபவருக்கு இது சரிப்படாது.

அகழாய்வுப் பொருள் என்றால் வேதியியல் தெரியாமல் முடியாது. மண்ணிலிருந்து எடுத்த இரும்பில் குளோரைடு உப்பு தங்கிவிட்டால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும்போதே துரு தின்றுவிடும். நீரில் ஊறிய மரமோ பொறுமையைச் சோதிக்கும்: 1961-இல் கடலடியிலிருந்து தூக்கிய ஸ்வீடனின் வாசா கப்பல் மீது 17 ஆண்டுகள் பாலிஎத்திலீன் கிளைகால் (காயும்போது மரம் சுருங்கி வெடிக்காமல் காக்கும் மெழுகு போன்ற பொருள்) தெளித்தார்கள். அப்புறம், களத்துக்குப் போனால் வெயிலும் புழுதியும் உண்டு. எனக்கென்னவோ அந்தத் துருப்பிடித்த ஆணி மேல்தான் ஆசை.