ஆறு மாதம் புழங்கிய அடுக்குக் கிண்ணங்கள்

போன வாரம் என் பேத்தி எட்டுக் கிண்ணங்களில் ஆகச் சின்னதை எடுத்து வலது கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தரைவிரிப்பில் இருந்த பூவைக் குனிந்து உற்றுப் பார்த்தாள். இடது கண்ணை மட்டும் மூட அவளுக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்தே மூடினாள். நாற்பது ஆண்டுகளாகக் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறேன். லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு நான் குனிவது அப்படியேதான். அன்று நான் வேலை மேஜையில் உட்காரவே இல்லை. முந்தின நாள் பார்த்ததை மனதில் வைத்திருந்து செய்திருக்கிறாள். அவளுக்கு வயது 14 மாதம்.

வாங்கும்போது அவளுக்கு 8 மாதம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எட்டுப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். கவிழ்த்து அடுக்கினால் கோபுரமாகும். பாட்டரி இல்லை, பாட்டு இல்லை, விளக்கு இல்லை. முதல் வேலையாக, மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் வெர்னியர் கருவியை எடுத்துச் சின்னக் கிண்ணத்தை அளந்தேன். வாய் 42 மி.மீ. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறிய உருளை உண்டு. அதன் உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதையும் குழந்தை கையில் தரக்கூடாது. இது அடங்காது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன், பிசிறு எங்கும் இல்லை.

குறைகள் இரண்டு. மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒரே அளவு. அழுத்திச் செருகினால் காற்று இறுகிப் பிரிய மறுக்கின்றன, குழந்தை அழுதுவிடுகிறாள். அடியில் ஒரு துளை போட்டிருந்தால் இந்தத் தொல்லை இருக்காது. வெளியே அச்சிட்ட விலங்குப் படங்களும் கடித்துக் கடித்து நான்கே மாதத்தில் பாதி போய்விட்டன.

சரி, ஏன் இதைப் பாராட்டுகிறேன்? இதே வீட்டில் இரண்டு பொருட்கள் தோற்றுப்போயின. பரிசாக வந்த பேசும் பொம்மை ஒன்று. பொத்தானை அழுத்தினால் அதுவே எல்லாவற்றையும் செய்துவிடும், குழந்தைக்குச் செய்ய எதுவும் மிச்சமில்லை. இன்னொன்று, கைதட்டவும் டாட்டா காட்டவும் குழந்தைக்குக் கற்றுத்தரும் என்று சந்தா கட்டிய வீடியோ சேவை. அவள் 12 மாதமாக இருந்தபோது அதை மூன்று வாரம் போட்டுக் காட்டினோம். திரையைப் பார்த்தாள், கை அசையவில்லை. என் மனைவி எதிரே உட்கார்ந்து நான்கு முறை கைதட்டிக் காட்டினாள், மறுநாளே வந்துவிட்டது. மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: 12, 15, 18 மாதக் குழந்தைகளிடம் ஒரே செயலை நேரிலும் தொலைக்காட்சியிலும் காட்டிப் பார்த்திருக்கிறார்கள், திரையில் பார்த்தவர்கள் குறைவாகவே திரும்பச் செய்தார்கள். 1999இல் ரேச்சல் பார், ஹார்லீன் ஹெயின் இருவரும் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. சந்தாவை நிறுத்திவிட்டோம்.

கிண்ணம் நேர் எதிர். அதை வைத்து ஏதாவது செய்ய ஓர் ஆள் வேண்டும். நான் அடுக்கினேன், அவள் தட்டிவிட்டாள். இரண்டு மாதம் அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு, நெற்றியால் கோபுரத்தைத் தள்ளிக் காட்டினேன். அவளும் குனிந்து நெற்றியால் தள்ளினாள். இரண்டு நாள் கழித்து, கை நிறையத் துணியை அள்ளிக்கொண்டு வந்தபோது அதேபோல நெற்றியால் தள்ளினேன். இந்த முறை அவள் கையாலேயே தள்ளினாள். தாத்தாவின் கை சும்மா இல்லை, அதனால்தான் தலையைப் பயன்படுத்தினார் என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. 2002இல் கெர்கெய் என்ற ஹங்கேரிய ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 14 மாதக் குழந்தைகளிடம், தலையால் தொட்டு எரியவைக்கும் விளக்கை வைத்து இதையே பார்த்திருக்கிறார்கள். கை சும்மா இருந்தவரைப் பார்த்த குழந்தைகளில் 69 சதவீதம் தலையால் தொட்டன. போர்வையைப் பிடித்திருந்தவரைப் பார்த்தவற்றில் 21 சதவீதம்தான். நான் இதைப் படித்தது என் வீட்டில் நடந்த பிறகு. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடை முதலாளி எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தந்ததில்லை; அவர் கையைப் பார்த்துத்தான் தொழில் கற்றேன். அவர் செய்ததில் எது வேலை, எது அவருடைய பழக்கம் என்று பிரித்தெடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அளவு வரிசையாக அடுக்க அவளுக்கு இன்னும் வராது. எட்டையும் சரியாக அடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துத் திருத்தாதீர்கள். நாம் செய்துகாட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், அவள் நேரத்தில் அவள் எடுக்கிறாள்.

வாங்குகிறவர்கள் ஒரு பெட்டியோடு நிறுத்த வேண்டாம். ஒரே பெட்டி இருந்தபோது நான் எடுத்ததையே பிடுங்கினாள். இரண்டாவது வந்ததும் விளையாட்டே மாறியது. அவள் இரண்டு தட்டு தட்டினால் நானும் இரண்டு தட்டுவேன். நிறுத்துவாள், என்னைப் பார்ப்பாள், திடீரென்று கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்வாள், நானும் அதைச் செய்கிறேனா என்று பார்க்க. நானும் கவிழ்த்துக்கொள்வேன்.