கேமராவுக்கு ஃபுல் சர்வீஸ் என்று 4,500 ரூபாய் போனது: பின்கதவைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

அப்பா 1986-ல் துபாயிலிருந்து வாங்கி வந்த பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமரா. வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் ஒரு பட்டன் பேட்டரி, மற்றதெல்லாம் ஸ்பிரிங்கும் பல்சக்கரமும். பீரோவிலேயே கிடந்ததில் லென்ஸில் பூஞ்சை பிடித்து, வெளிச்சம் உள்ளே கசியாமல் தடுக்கும் பின்கதவு ஓரத்து ஃபோம் (லைட் சீல்) தார் மாதிரி இளகியிருந்தது. வீட்டிலேயே சுத்தம் செய்ய உட்கார்ந்து, பயந்துபோய், சென்னையில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன்.

"ஃபுல் சர்வீஸ் சார். லைட் சீல் மாத்தி, லென்ஸ் பிரிச்சு, ஷட்டர் ஸ்பீடு செட் பண்ணித் தந்துடறேன்."

மூன்று வாரம் கழித்துப் பளபளவென்று வந்தது. ஒரு க்ளிக், சத்தம் கேட்டது, பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அண்ணன் மகள் மொட்டைக்கு 36 படமும் தீர்த்தேன். கழுவி வந்தால் எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு. வெயிலில் 1/1000 வினாடி ஷட்டர் ஸ்பீடில் எடுத்த ஒன்பதிலும் ஒரு பாதி கறுப்பு. ஒன்றில் தாய்மாமன் மடி மட்டும் தெரிகிறது, குழந்தையின் தலை இருட்டுக்குள். போன் செய்தால், "பழைய பீஸ் சார், அப்படித்தான் இருக்கும்." அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

பிரித்துப் பார்த்தேன். இளகிய ஃபோமைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார். டார்ச் அடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை நூல் நூலாக அப்படியே. ஷட்டர் துணியில் எண்ணெய்க் கறை. மேல்மூடி ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்து கிடக்கிறது. ஜப்பான் கேமராக்களில் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர ஸ்க்ரூ, நம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கும். லென்ஸுக்குப் பின்னால், வ்யூஃபைண்டருக்குப் பிம்பம் காட்டும் கண்ணாடியிலும் கீறல். அதன் பூச்சு மேல்புறத்திலேயே இருப்பதால் துணியால் தேய்த்தாலே கீறல் விழுந்துவிடும். படத்தைக் கெடுக்காதுதான், ஆனாலும் வயிறு எரிகிறது.

கடையிலேயே இதைப் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான ஜன்னல் பக்கம் பிடித்து 1/1000-ல் அழுத்துங்கள். ஃபிலிம் நிற்கும் செவ்வகத் திறப்பு முழுக்க வெளிச்சம் மின்ன வேண்டும். ஒரு ஓரம் இருட்டாகவே நின்றால் ஷட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு துணித் திரைகளில் இரண்டாவது முதலாவதை எட்டிப் பிடித்துவிடுகிறது என்று அர்த்தம். கதவுப் பள்ளத்தில் விரல் வைத்துப் பாருங்கள், ஒட்டக் கூடாது.

லைட் சீலை நானே மாற்றிவிட்டேன். ஷட்டர் மேல் காகிதம் வைத்து மூடி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பல்குச்சியால் பழசைச் சுரண்டி, பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அடுத்த ரோலில் ஆரஞ்சுக் கோடு இல்லை. ஷட்டர் என் கைக்கு மிஞ்சிய வேலை. இப்போதைக்கு 1/500-ஐத் தாண்டாமல் எடுக்கிறேன்.