எஞ்சின் முத்திரையா, டாங்க் விவரத்தாளா?

1967 ஆம் ஆண்டின் ஷெவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார்களில், பந்தயத்துக்கென உருவாக்கப்பட்ட எல்88 எஞ்சினோடு வெளிவந்தவை 20 மட்டுமே. அவ்வாண்டின் வாகன அடையாள எண் எஞ்சின் வகையைக் காட்டுவதில்லை என்பதால், சாதாரணக் கார்வெட்டை எல்88 என்று விற்க வழி திறந்தே கிடக்கிறது. இதைத் தடுக்க உதவும் சான்றுகளில் முதன்மையானவை இரண்டு: எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் வார்ப்பு உடலில்) அடித்த முத்திரை, பெட்ரோல் டாங்கின் மேல் ஆலையிலேயே ஒட்டப்பட்ட விவரத்தாள்.

முத்திரை, வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னுள்ள சிறு தளத்தில் இருக்கும். எஞ்சின் தயாரான டோனவாண்டா ஆலையைக் குறிக்கும் டி (T) எழுத்து, எஞ்சின் கூட்டப்பட்ட மாதமும் நாளும், எல்88க்குரிய IT என்ற ஈரெழுத்துக் குறியீடு, வாகன எண்ணின் கடைசி இலக்கங்கள் ஆகியவை அங்கே தெரியும். எழுத்துகளைவிட அவற்றின் அடியிலுள்ள உலோகத்தைப் பார்ப்பதே முக்கியம். ஆலையில் தளத்தைச் சீவிய கருவி விட்டுச்சென்ற மெல்லிய இணைகோடுகள் காணாமல் போயிருந்தால், யாரோ தேய்த்துவிட்டு மறுபடி அடித்திருக்கக்கூடும். நேர்மையான மெக்கானிக் பழுதுபார்ப்புக்காகத் தளத்தைச் சீவினாலும் அதே கோடுகள் அழியும் என்பதுதான் சங்கடம். பிளாக் வார்க்கப்பட்ட தேதி, எஞ்சின் கூட்டிய தேதிக்கு முந்தியதாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

விவரத்தாள் வாகன எண்ணையும், அந்த வண்டிக்குக் கேட்கப்பட்ட உபகரணங்களின் குறியீடுகளையும் சேர்த்தே சொல்கிறது. பந்தயத்தில் ஓடிய எல்88களில் பல, தம் முதல் எஞ்சினை இழந்துவிட்டதால், அவற்றுக்கு முத்திரை உதவாது. தனியாகக் கையில் நீட்டப்படும் தாளை எளிதில் அச்சடித்துவிடலாம். டாங்கை இறக்கும்போது, அதன் மேலேயே ஒட்டியபடி, கறை படிந்து கிழிந்து கிடைக்கும் தாளையே நான் முத்திரைக்கு மேலாக நம்புவேன்.