பனியன் ஊரில் ஒரு ப்ளூ-ரே ரைட்டர்

திருப்பூரில் பின்னலாடைகளுக்கு அச்சு வடிவங்கள் வரைந்து கொடுக்கும் சிறிய அறை ஒன்றை நடத்தி வருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஆர்டரின் வடிவத்தைத் திடீரென்று மறுபடி கேட்பார்கள் என்பதாலும், இரண்டு ஹார்டு டிஸ்க்குகள் அடுத்தடுத்துக் கைவிட்டதாலும், பழைய கோப்புகளை ப்ளூ-ரே வட்டுகளில் எழுதி வைக்கத் தீர்மானித்தேன். முதலில் வாங்கியது யுஎஸ்பியில் இயங்கும் ஒல்லியான ரைட்டர். அது நான்கே மாதத்தில் தகராறு செய்ததால், மேசைக் கணினிக்குள் பொருத்தும் 5.25 அங்குலக் கருவிக்கு மாறினேன். எட்டு மாதமாக அதுதான் ஓடுகிறது.

வட்டில் லேசரால் எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட்தான் இந்தக் கருவியின் முக்கியப் பாகம் என்பதால், அதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். லேசர் ஒளியை எவ்வளவு சிறு புள்ளியாகக் குவிக்கலாம் என்பது ஒளியின் அலைநீளத்தையும், என்.ஏ. என்று குறிக்கப்படும் லென்ஸின் குவிக்கும் திறனையும் பொறுத்தது. சிடிக்கு 780 நானோமீட்டர், 0.45, டிவிடிக்கு 650, 0.6, ப்ளூ-ரேக்கு 405, 0.85. அலைநீளத்தை என்.ஏ.யால் வகுத்துப் பாருங்கள்: ப்ளூ-ரேயின் புள்ளி, பரப்பளவில் டிவிடியினுடையதில் ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறது. டிவிடியின் 4.7 ஜிபி, அதே அளவு வட்டில் 25 ஜிபி ஆனதன் கணக்கு ஏறக்குறைய இதிலேயே அடங்கிவிடுகிறது.

குவிக்கும் திறனைக் கூட்டியதற்கு வடிவமைப்பாளர்கள் வேறு இடத்தில் ஈடு செய்ய வேண்டியிருந்தது. புள்ளி கூர்மையாக நிற்கும் ஆழம் டிவிடியில் சுமார் 1.8 மைக்ரோமீட்டர் என்றால், இதில் 0.56 மட்டுமே. சுழலும் வட்டு எப்போதும் சிறிது அசைந்தாடுமாகையால், லென்ஸைத் தாங்கும் சிறு கம்பிச்சுருள்கள் அதை இடைவிடாமல் மேலும் கீழும் நகர்த்திக் குவியத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. வட்டிலிருந்து திரும்பும் ஒளி, உருளை வடிவ லென்ஸ் ஒன்றின் வழியாக நான்கு துண்டுகளாகப் பிரிந்த உணரியில் விழுகிறது. குவியம் சரியாக இருந்தால் வட்டமாகவும், தவறினால் ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டமாகவும் தெரிவதால், எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. இவ்வளவு எளிய உபாயம் இத்தனை நுணுக்கமான வேலையைச் செய்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

வட்டு சாய்ந்தால் ஏற்படும் பிழையைக் குறைக்க, ப்ளூ-ரேயில் தரவின் மேல் இருக்கும் ஒளிபுகும் மேலுறையை 0.1 மில்லிமீட்டராக மெலிதாக்கினார்கள். சிடியில் அது 1.2. இதனால் வட்டின் மேற்பரப்பில் ஒளி விழும் வட்டமும் சுருங்கியது. சிடியில் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் இருந்த அது, இதில் 0.15க்கும் குறைவு. சிடி பொருட்படுத்தாத தூசு இங்கே தரவை மறைத்துவிடும். ஆடிக் காற்றில் பஞ்சு பறக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம்.

ஒல்லியான ரைட்டர் இந்த இடத்தில்தான் தோற்றது. அவ்வகைக் கருவியில் தட்டை இழுத்தால் மோட்டாரும் ஹெட்டும் தட்டோடு சேர்ந்தே வெளியே வந்து, லென்ஸ் திறந்த வெளியில் நிற்கும். வட்டு மாற்றிய ஒவ்வொரு முறையும் பக்கத்து நிட்டிங் கூடத்துப் பஞ்சு அதன்மேல் படிந்திருக்கிறது. காந்திபுரத்தில் பழுது பார்ப்பவர் ஒருவர் திறந்து பார்த்துவிட்டு, "டிரைவ் நல்லாத்தானுங்க இருக்குது, லென்ஸ்லதானுங்க பஞ்சு புடிச்சிருக்குது" என்றார். துடைத்துக் கொடுத்தார், இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை.

5.25 அங்குலக் கருவியில் வட்டை ஏந்திய தட்டு மட்டும் வெளியே வருகிறது; ஹெட் உள்ளேயே இருந்துவிடுகிறது. இந்த எட்டு மாதத்தில் எழுதிய அறுபதுக்கும் மேற்பட்ட வட்டுகளில் கெட்டது ஒன்றுதான், அதுவும் எழுதும் நடுவில் மின்சாரம் போனதால். 25 ஜிபி வட்டை நான்கு மடங்கு வேகத்தில் எழுத 23 நிமிடம் ஆகிறது; எழுதியதைச் சரிபார்க்கவும் கிட்டத்தட்ட அதே நேரம். 100 ஜிபி கொள்ளும் மூன்றடுக்கு வட்டுகளையும் எழுதுகிறது. அடுக்கு மாறும்போது மேலுறையின் தடிமனும் மாறுவதால் உண்டாகும் பிழையை, உள்ளிருக்கும் இன்னொரு லென்ஸை நகர்த்தி ஹெட்டே திருத்திக்கொள்கிறது. ஆனால் அந்த வட்டுகளின் விலையைப் பார்த்தால், என் அளவுக்கு 25 ஜிபியே போதும்.

குறைகள் உண்டு. வேகம் கூடினால் அறையே இரைகிறது. மடிக்கணினி மட்டும் வைத்திருப்பவர்கள் தனிப்பெட்டியும் 12 வோல்ட் அடாப்டரும் வாங்கியாக வேண்டும்.

வட்டு வாங்கும்போது உறையில் எல்டிஎச் என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். அது சாயப்பூச்சு உள்ள வகை, நெடுநாள் சேமிப்புக்கு உலோகப்பூச்சு வகையே ஏற்றது. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் எழுதும் ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே கருவியோடு சேர்த்து ஓராண்டுக்கான வட்டுகளையும் நான் வாங்கி வைத்துவிட்டேன்.